யார் அந்த 'நம்பகமான பயணி'?

பிரிட்டன் விசாவுக்காகக் கைரேகை பதியச் செல்வோருக்கு விண்ணப்ப மையங்கள் முன்கூட்டியே ஓர் எச்சரிக்கை விடுக்கின்றன. விரல் நுனிகளில் மருதாணி இருக்கக் கூடாது. வெட்டுக்காயம், தழும்பு முதலியவையும் இருக்கக் கூடாது. மருதாணியை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். இருபது ஆண்டுகள் செங்கல் சூளையிலும் சிமென்ட் கலவையிலும் உழன்று ரேகையே தேய்ந்துபோன விரல்களை எங்கே தள்ளிப்போடுவது? அந்த அறிவுரையை எழுதியவருக்கு அப்படிப்பட்ட விரல்கள் நினைவுக்கு வரவில்லை.

வெளிநாடு செல்வோர் 'தயாராக' வேண்டும் என்னும் அறிவுரைகள் நாளேடுகளின் பயணப் பக்கங்களில் இப்போது மலிந்து கிடக்கின்றன. மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். கடவுச்சீட்டில் ஆறு மாதக் காலமாவது எஞ்சியிருக்கட்டும். கேமராவின் முன் கண்ணாடியையும் தொப்பியையும் கழற்றுங்கள். விசா எடுத்தபோது தந்த விவரங்களும் விமானநிலையத்தில் சொல்லும் விவரங்களும் ஒத்திருக்கட்டும். பயனுள்ள அறிவுரைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் தயாராக வேண்டியவர் பயணி ஒருவர் மட்டும்தானா? அவருடைய விரலையும் விழியையும் முகத்தையும் வாங்கிப் பெட்டகத்தில் பூட்டிக்கொள்ளும் அரசுகள் எதற்குத் தயாராக இருக்கின்றன? அந்தத் தரவு எத்தனை காலம் இருக்கும், யார் கைக்கெல்லாம் போகும், இயந்திரம் தவறிழைத்தால் யார் பதில் சொல்வது என்ற கேள்விகளுக்குப் பயணப் பக்கங்களில் இடம் ஒதுக்கப்படுவதில்லை.

பன்னிரண்டு மணி நேரமும் எழுபத்தைந்து ஆண்டும்

ஷெங்கன் வட்டத்தில் உள்ள 29 ஐரோப்பிய நாடுகள் 2025 அக்டோபர் 12 அன்று புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையைத் தொடங்கின. கடவுச்சீட்டில் குத்தப்படும் முத்திரைக்கு மாற்றாக, குறுகிய காலம் தங்கவரும் பிற நாட்டவரின் முகமும் விரல்ரேகையும் கணினியில் ஏறுகின்றன. 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா எல்லைகளிலும் இதை முழுமையாக்குவது என்று கால அட்டவணை வகுக்கப்பட்டது. விசா பெற்றே செல்ல வேண்டிய இந்தியரின் பத்து விரல்ரேகைகளும் ஏற்கெனவே ஐரோப்பிய விசாத் தகவல் அமைப்பில் இருப்பதால், எல்லையில் முகம் படமெடுக்கப்பட்டு, ரேகை பழைய பதிவோடு ஒப்பிடப்படுகிறது. தர மறுத்தால் நுழைவு இல்லை. கடைசியாக வெளியேறிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் இந்தப் பதிவு காக்கப்படும்; வெளியேறியதற்கான பதிவு இல்லையென்றால் ஐந்து ஆண்டுகள். கடுங்குற்றம், பயங்கரவாதம் என்ற காரணம் காட்டி ஐரோப்பியக் காவல்துறைகளும் இதைத் திறந்து பார்க்கலாம். சுற்றுலாவுக்குச் சென்ற ஆசிரியரின் முகமும், பேத்தியைப் பார்க்கப் போன பாட்டியின் முகமும் இவ்வாறு காவல்துறை தேடும் கிடங்கில் சேர்கின்றன.

விசாவுக்காகக் கட்டணம் செலுத்தி வரிசையில் நின்ற பிறகு நடப்பது இது. வயது வந்தோருக்கான ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்தது. அந்த ஆண்டு இந்தியர்களின் விண்ணப்பங்கள் ஏறத்தாழ 11 லட்சம். அவற்றில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவை நிராகரிக்கப்பட்டன. நிராகரிக்கப்பட்டவருக்குப் பணம் திரும்புவதில்லை. எல்லை கடக்க அனுமதிக்கப்படாதவரின் ரேகையும் அவர்களின் கிடங்கிலேயே தங்கிவிடுகிறது.

அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2025 டிசம்பர் 26 முதல் அமலுக்கு வந்த விதி, அந்நாட்டுக் குடிமகன் அல்லாத எவரையும் உள்ளே வரும்போதும் வெளியே போகும்போதும் முகப்படம் எடுக்க வழிசெய்கிறது. அதுவரை 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் 79 வயதைக் கடந்த முதியோருக்கும் இருந்த விலக்கு நீங்கிவிட்டது. அமெரிக்கக் குடிமகன் விரும்பாவிட்டால் கேமராவைத் தவிர்க்கலாம். எடுக்கப்பட்டாலும் அவருடைய படம் 12 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்கிறது அந்நாட்டு எல்லைத் துறை. வெளிநாட்டவரின் படத்தை 75 ஆண்டுகள்வரை வைத்திருக்கலாம். ஒரே கேமரா, ஒரே வரிசை. ஒரு முகத்துக்கு அரை நாள், இன்னொரு முகத்துக்கு ஓர் ஆயுள்.

இவ்வளவு கவலையோடு சேர்த்த பொருள் பத்திரமாக இருக்கிறதா? 2019இல், எல்லைத் துறையின் ஒப்பந்த நிறுவனம் ஒன்றிலிருந்து பயணிகளின் படங்கள் திருடுபோயின என்று அத்துறையே அறிவிக்க நேர்ந்தது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை எந்த அலுவலகத்தில் விண்ணப்பித்து மாற்றுவது?

இதற்கெல்லாம் இந்திய அரசு என்ன சொன்னது? 2004 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டவரிடம் கைரேகை எடுக்கத் தொடங்கியபோது, பிரேசில் நாட்டு நீதிபதி ஒருவர் பிரேசிலுக்குள் வரும் அமெரிக்கர்களின் கைரேகையையும் எடுக்குமாறு உத்தரவிட்டார். ரியோ விமானநிலையத்தில் அமெரிக்கர்கள் மை தோய்ந்த விரல்களோடு வரிசையில் நின்றார்கள். அது பழிவாங்கல் என்பாரும் உண்டு. ஆனால் தன் மக்களின் மானத்துக்கு ஒரு விலை உண்டு என்று சொல்ல அங்கே ஒரு நிறுவனம் இருந்தது. 'விஸ்வகுரு' என்று மார்தட்டும் அரசோ, 2025 பிப்ரவரி 5 அன்று 104 இந்தியர்கள் கைவிலங்கும் கால்விலங்கும் பூட்டப்பட்டு அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் இறக்கப்பட்டபோது, அது அமெரிக்காவின் வழக்கமான நடைமுறை என்று நாடாளுமன்றத்தில் விளக்கம் தந்துகொண்டிருந்தது.

தில்லியின் மின்வாயில்கள்

அதே அமிர்தசரஸ் விமானநிலையத்தில் ஏழே மாதங்களில் வேறொரு விழா நடந்தது. 'ஃபாஸ்ட் ட்ராக் இமிக்ரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம்', அதாவது நம்பகமான பயணியருக்கான விரைவுக் குடியேற்றச் சோதனைத் திட்டம், 2024 ஜூன் 22 அன்று தில்லி விமானநிலையத்தின் மூன்றாம் முனையத்தில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவால் தொடங்கிவைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி, அகமதாபாத் விமானநிலையங்களுக்கு விரிந்தது. 2025 செப்டம்பர் 11 அன்று லக்னோ, திருவனந்தபுரம், திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு, அமிர்தசரஸ் ஆகிய ஐந்தும் சேர்ந்தன. மொத்தம் 21 விமானநிலையங்கள் இலக்கு.

முறை எளிது. இந்தியக் குடிமக்களும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்போரும் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பின்புலச் சரிபார்ப்பு நடக்கும். கைரேகையும் முகப்படமும் தர வேண்டும். ஏற்கப்பட்டால் ஐந்து ஆண்டுகள் அல்லது கடவுச்சீட்டின் காலம் முடியும்வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை, அதிகாரியின் முன் நிற்காமல் மின்வாயில் வழியே போகலாம். கட்டணம் இல்லை. கட்டாயமும் இல்லை.

கட்டாயம் இல்லாத ஒரு திட்டத்தின்மீது ஏன் இவ்வளவு கோபம் என்று நடுத்தர வர்க்க வாசகர் ஒருவர் கேட்கக்கூடும். நள்ளிரவு விமானத்துக்குக் கைக்குழந்தையுடன் ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்றவர் கேட்டால் அதில் நியாயமும் உண்டு. அந்த வரிசை பொறுக்க முடியாததுதான். ஆனால் வரிசையில் நிற்பவர் எல்லாருக்கும் துன்பம் ஒன்றுதான். அரசு தரும் விடுதலை மட்டும் சிலருக்கு. உள்துறை அமைச்சகம் சரிபார்த்து 'நம்பகமானவர்' என்று முத்திரை குத்தியவருக்கு வாயில் திறக்கிறது. அப்படியானால் பக்கத்து வரிசையில் நிற்பவர் யார்? அரசமைப்புச் சட்டத்தில் குடிமக்கள் உண்டு. நம்பகமான குடிமக்கள், நம்பகம் நிரூபிக்கப்படாத குடிமக்கள் என்ற பிரிவு அதில் எங்கும் இல்லை. வெளிநாடு செல்லும் உரிமை 21ஆம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்தின் பகுதி என்று உச்சநீதிமன்றம் 1967இல் சத்வந்த் சிங் வழக்கிலும், 1978இல் மேனகா காந்தி வழக்கிலும் தீர்ப்பளித்துவிட்டது. உரிமையாக இருந்ததைச் சலுகையாக மாற்றி, அந்தச் சலுகைக்குக் கைரேகையை விலையாகக் கேட்பதுதான் இந்தத் திட்டத்தின் சாரம்.

இந்த வேலையை இந்த அரசு முன்பும் செய்து பார்த்தது. 2018 ஜனவரியில், பத்தாம் வகுப்பு தேறாததால் குடிபெயர்வு அனுமதி பெற்றே வளைகுடா முதலிய 18 நாடுகளுக்குச் செல்ல வேண்டிய தொழிலாளர்களுக்கு ஆரஞ்சு நிறத்தில் தனிக் கடவுச்சீட்டு வழங்கப்போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. படிக்காதவன் என்று தூரத்திலிருந்தே தெரியும்படி ஒரு நிறம்! கேரளத்திலிருந்து எழுந்த எதிர்ப்பில் அந்த மாத இறுதிக்குள்ளேயே அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அட்டையின் நிறத்தில் செய்ய முடியாத பிரிவினையை இன்று வாயிலின் வடிவத்தில் செய்கிறார்கள்.

ஜங்கிப்பூரிலிருந்து ஜோகன்னஸ்பர்க்வரை

விரல்ரேகை ஆட்சியின் கருவியான கதை தொடங்கியதே இந்திய மண்ணில்தான். 1858இல், பெரும் கிளர்ச்சி வெடித்த மறு ஆண்டில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற ஆங்கில அதிகாரி, சாலைக்குச் சரளை தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதியவைத்தார். பின்னாளில் கையெழுத்தை மறுக்க முடியாதபடி அவரை அச்சுறுத்துவதே நோக்கம் என்பதை ஹெர்ஷலே எழுதிவைத்திருக்கிறார். 1897இல் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் கல்கத்தாவில் அமைந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்குவதில் பெரும்பங்கு வகித்தவர்கள் அஜிஜுல் ஹக், ஹேமசந்திர போஸ் என்ற இரு இந்தியக் காவல் அலுவலர்கள். பெயர் கிடைத்ததோ அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்கு. குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தப்பட்ட சமூகங்களின்மீது அந்தக் கருவி முழு வேகத்தில் பாய்ந்தது. லண்டனின் ஸ்காட்லாந்து யார்டுக்கு அது போய்ச் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

அதே கருவி கடல்கடந்த இந்தியர்களையும் துரத்தியது. 1906இல் டிரான்ஸ்வாலில், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வோர் இந்தியரும் பத்து விரல்ரேகைகளைப் பதிந்து சான்றிதழ் பெற வேண்டும், காவலர் கேட்கும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும் என்ற சட்டவரைவு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க் எம்பயர் அரங்கில் ஏறத்தாழ 3,000 பேர் கூடி, சிறை சென்றாலும் பதியமாட்டோம் என்று உறுதி பூண்டார்கள். சத்தியாக்கிரகம் என்று பின்னர் பெயர் பெற்ற போராட்டம் பிறந்தது அந்த அரங்கில்தான். அமித் ஷா ஐந்து விமானநிலையங்களில் கைரேகை வாயில்களைத் திறந்துவைக்கத் தேர்ந்தெடுத்த நாளும் செப்டம்பர் 11. தெரிந்து செய்திருக்க மாட்டார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அந்த முகாமுக்கு இல்லை.

'கட்டாயம் இல்லை' என்ற சொல்லை எடைபோட விரும்புவோர் அந்தப் போராட்டத்தின் அடுத்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும். 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸுடன் காந்தி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். இந்தியர்கள் தாமாக முன்வந்து பதிந்துகொள்வது. பிறகு சட்டம் நீக்கப்படும் என்பது. கட்டாயப்படுத்தினால் இழிவு, விரும்பித் தந்தால் இழிவில்லை என்பது காந்தியின் வாதம். தொண்டர்கள் பலருக்கு அது செரிக்கவில்லை. பிப்ரவரி 10 அன்று பதிவு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியர் காந்தியை அடித்து வீழ்த்தினார். உடனிருந்து தடுக்க முயன்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். தாக்குதல் தவறு, ஆனால் மீர் ஆலமின் சந்தேகம் தவறாகவில்லை. பதிவு முடிந்தது, சட்டம் நீங்கவில்லை. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரையில் 2,000க்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் எரிக்கப்பட்டன. அந்தக் கூட்டத்தில் மீர் ஆலமும் வந்து தன் சான்றிதழை ஒப்படைத்தார்.

காகிதச் சான்றிதழை எரிக்க முடிந்தது. இன்று ஒருவர் மனம் மாறினால் எந்தக் கொப்பரையில் எதை எரிப்பார்?

ஆதாரும் விருப்பத்தின் பேரில்தான் தொடங்கியது. பிறகு ரேஷனுக்கு, ஓய்வூதியத்துக்கு, நூறு நாள் வேலைக் கூலிக்கு, வருமான வரிக்கு என்று ஒவ்வொரு வாசலிலும் அது காவல் நின்றது. 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் 57ஆம் பிரிவைச் செல்லாதென்று சொல்லித் தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கோருவதைத் தடுத்தபோது, அடுத்த ஆண்டே சட்டத் திருத்தத்தின் வழியாகப் பின்வாசல் திறக்கப்பட்டது. 1920ஆம் ஆண்டின் கைதிகள் அடையாளச் சட்டத்தை நீக்கி 2022இல் கொண்டுவந்த குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம், கைதானவரின் கருவிழிப் பதிவையும் எடுக்க அனுமதித்து, அதை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. அமெரிக்கா வெளிநாட்டவருக்குக் குறித்த அதே 75 ஆண்டுகள். எஜமானரின் அளவுகோல் எங்கும் ஒன்றாகவே இருக்கிறது.

தேய்ந்த விரல்கள்

வெளிநாட்டுப் பயணம் என்றதும் ஆங்கில நாளேடுகளுக்குப் பாரிஸும் சுவிட்சர்லாந்தும் நினைவுக்கு வருகின்றன. இந்திய விமானநிலையங்களின் நள்ளிரவு வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் ரியாத்துக்கும் தோஹாவுக்கும் குவைத்துக்கும் போகிறவர்கள். பயோமெட்ரிக் எல்லையின் முதல் சோதனைப் பொருளும் அவர்களே. ஐக்கிய அரபு அமீரகம் 2001இலேயே கருவிழிப் பதிவைத் தொடங்கியது. நாடு கடத்தப்பட்ட தொழிலாளி வேறு பெயரில் திரும்பி வந்துவிடக் கூடாது என்பதே அதன் முதல் நோக்கம். 2024 ஜனவரியில் சவூதி அரேபியா, இந்தியாவிலிருந்து வேலை விசாவில் செல்வோர் புறப்படும் முன்பே இங்குள்ள மையத்தில் நேரில் வந்து கைரேகை பதிவதைக் கட்டாயமாக்கியது. மையங்கள் இருப்பதோ சில நகரங்களில் மட்டும். பிகாரின் சிவானிலிருந்தும் கோபால்கஞ்சிலிருந்தும் ஒரு தொழிலாளி ரயிலேறி, பெருநகரத்தில் தங்கி, ரேகை பதிந்து திரும்ப வேண்டும். கூலி இழப்பும் செலவும் அவருடையவை. இயந்திரம் ரேகையை ஏற்காவிட்டால் இன்னொரு நடை. கடன் வாங்கி ஏஜென்ட்டுக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி இதற்காக நிற்காது.

குவைத் தன் நாட்டில் வாழும் வெளிநாட்டவர் அனைவரும் 2024 டிசம்பர் 31க்குள் கைரேகையும் முகமும் பதிய வேண்டும் என்று கெடு விதித்தது. பதியாதவர்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூன் 12 அன்று, அதே குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி 45 இந்தியர்கள் மாண்டார்கள். ஒரு கட்டடத்தில் நெருக்கியடித்து அடைக்கப்பட்டிருந்த அந்த மனிதர்களைப் பற்றி இரு அரசுகளின் கணினிகளிலும் தகவல் இருந்தது. அவர்கள் எங்கே, எப்படி உறங்கினார்கள் என்பதைக் கண்காணிக்க மட்டும் எந்தக் கருவியும் இல்லை.

முகத்தை அறியும் மென்பொருளின் யோக்கியதையும் சொல்லப்பட வேண்டும். அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, ஒருவரை இன்னொருவர் என்று தவறாகப் பொருத்தும் விகிதம் பல மென்பொருள்களில் ஆசிய, ஆப்பிரிக்க முகங்களுக்கு வெள்ளையரைவிட 10 முதல் 100 மடங்குவரை அதிகம் என்று கண்டது. தில்லிக் காவல்துறை 2018இல் உயர்நீதிமன்றத்தில் தன் முக அடையாள மென்பொருளின் துல்லியம் 2 சதவீதமே என்று ஒப்புக்கொண்டது. பிறகு 80 சதவீத ஒற்றுமை இருந்தாலே 'பொருந்தியது' என்று கொள்வதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பதில் தந்தது. எல்லைச் சோதனையின் மென்பொருள் வேறு, மேலானது என்று சொல்லப்படலாம். அப்படியானால் அதன் பிழை விகிதத்தை உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் வைக்கட்டும்.

வாயில் யாருக்குத் திறந்தது

பாதுகாப்புக்காகவே இத்தனையும் என்பது கடைசி அரண். அந்த அரணின் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. 2016 மார்ச் 2 அன்று விஜய் மல்லையா தில்லி விமானநிலையம் வழியாக லண்டனுக்குப் பறந்தார். பொதுத்துறை வங்கிகளுக்கு அவர் வைத்த பாக்கி 9,000 கோடி ரூபாய்க்கு மேல். அவரைத் 'தடுத்து நிறுத்து' என்றிருந்த லுக் அவுட் சுற்றறிக்கையை 'தகவல் தெரிவி' என்று மாற்றியது சி.பி.ஐ. தான். பின்னர் அதைக் கணிப்புப் பிழை என்றார்கள். நீரவ் மோடி 2018 புத்தாண்டு நாளில் வெளியேறினார். இவர்களின் முகத்தை அறிய எந்த மென்பொருளும் தேவைப்பட்டிருக்காது. நாளேடு படிக்கும் எவருக்கும் தெரிந்த முகங்கள் அவை.

மகான் வனப்பகுதி நிலக்கரிச் சுரங்கத்தால் பழங்குடியினருக்கு நேரும் கேட்டைப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எடுத்துரைக்கப் புறப்பட்ட பிரியா பிள்ளை 2015 ஜனவரியில் அதே தில்லி விமானநிலையத்தில் இறக்கிவிடப்பட்டார். அது சட்டவிரோதம் என்று உயர்நீதிமன்றம் இரண்டே மாதங்களில் தீர்ப்பளித்தது. புலிட்சர் பரிசு பெற நியூயார்க் செல்லவிருந்த காஷ்மீர் ஒளிப்படக் கலைஞர் சன்னா இர்ஷாத் மட்டூ 2022 அக்டோபரில் செல்லுபடியான விசாவும் பயணச்சீட்டும் இருந்தும் தடுக்கப்பட்டார், காரணம் சொல்லப்படவில்லை. லுக் அவுட் சுற்றறிக்கைக்கு நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் எதுவும் இல்லை. உள்துறை அமைச்சகத்தின் அலுவலகக் குறிப்பாணைகளே அதன் ஆதாரம். இன்று அதிகாரி ஒருவர் முகம் பார்த்து நிறுத்துகிறார். அவரிடம் ஏன் என்று கேட்கலாம், பெயரைக் குறித்துக்கொள்ளலாம், நீதிமன்றத்தில் எதிர்மனுதாரராக்கலாம். நாளை கண்ணாடிக் கதவு திறக்காமல் நிற்கும். கதவின் பெயர் என்ன?

பெட்டகச் சாவி

உள்நாட்டு விமானங்களுக்கான 'டிஜி யாத்ரா' இந்தப் பாதை எங்கே போகிறது என்பதைக் காட்டுகிறது. 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிய அந்தத் திட்டத்தை நடத்துவது அரசுத் துறை அன்று. டிஜி யாத்ரா பவுண்டேஷன் என்ற நிறுவனம். அதில் இந்திய விமானநிலைய ஆணையத்துக்கு 26 சதவீதம். மீதி 74 சதவீதம் கொச்சி, பெங்களூரு, தில்லி, ஹைதராபாத், மும்பை விமானநிலைய நிறுவனங்களின் கையில். அரசு பெரும்பான்மை வகிக்காததால் தகவல் உரிமைச் சட்டம் தங்களைக் கட்டுப்படுத்தாது என்பது நிலைப்பாடு. விமானநிலைய வாசலில் நிற்கும் ஊழியர்கள் விளக்கம் எதுவும் சொல்லாமல் பயணிகளின் முகத்தைப் படமெடுத்துச் சேர்த்துவிடுகிறார்கள் என்று புகார்கள் குவிந்தன. 2024இல், செயலியை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் ஆந்திரக் காவல்துறையின் முறைகேட்டு வழக்கில் சிக்கியதும், பழைய செயலியை நீக்கிவிட்டுப் புதியதை இறக்கிக்கொள்ளுமாறு லட்சக்கணக்கானோருக்குச் சொல்லப்பட்டது.

மும்பை விமானநிலையம் இன்று அதானியின் கையில். அகமதாபாத், லக்னோ, திருவனந்தபுரமும் அப்படியே. திருவனந்தபுரத்தை அன்றைய கேரள இடது ஜனநாயக முன்னணி அரசின் எதிர்ப்பையும் மீறி 2021இல் ஒப்படைத்தார்கள். மின்வாயில் அரசுடையது, அது நிற்கும் தரை அதானியுடையது. விசா மையங்களின் கதையும் வேறல்ல. 2001இல் மும்பையில் தொடங்கிப் பல நாடுகளின் தூதரகங்களுக்காக விண்ணப்பமும் கைரேகையும் வாங்கும் வி.எஃப்.எஸ். குளோபலின் பெரும்பான்மைப் பங்கை வாங்க 2021இல் ஒப்பந்தம் செய்தது அமெரிக்க நிதிமூலதன நிறுவனமான பிளாக்ஸ்டோன். எல்லை என்பது இறையாண்மையின் அடையாளம் என்று சொல்லிக்கொண்டே, எல்லையின் கணக்குப் புத்தகத்தைப் பங்குதாரர்களிடம் கொடுத்துவிட்டார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதன் தொடர்ச்சி என்று சொல்லி 2023இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, ஒன்றிய அரசு தான் விரும்பும் எந்த அரசு அமைப்புக்கும் முழு விலக்கு அளித்துக்கொள்ள இடம் தருகிறது. அதே சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவையும் திருத்தி, பொதுநலன் கருதி வெளியிட வேண்டிய தகவலையும் 'தனிப்பட்டது' என்று மறைக்க வழிசெய்தது. குடிமகனின் அந்தரங்கத்துக்குப் போட்ட வேலி அரசின் அந்தரங்கத்தைக் காத்து நிற்கிறது.

இயந்திரமே வேண்டாம் என்பது இடதுசாரிகளின் நிலை அன்று. இப்போது வழங்கப்படும் இ-பாஸ்போர்ட்டில் சில்லு இருக்கிறது. அதில் உரியவரின் முகப்படம் இருக்கிறது. வாயிலில் நிற்பவரின் முகத்தை அந்தச் சில்லோடு மட்டும் ஒப்பிட்டு, பொருந்தியதும் படத்தை அங்கேயே அழித்துவிட முடியும். அதற்கு மையக் கிடங்கு தேவையில்லை. பத்து விரல்ரேகை தேவையில்லை. 'நம்பகமானவர்' என்ற பட்டமும் தேவையில்லை. இந்த எளிய வழி இருந்தும் கிடங்கு கட்டுவதில்தான் அரசுக்கு அக்கறை என்றால், அதன் நோக்கம் வரிசையைக் குறைப்பது மட்டுமன்று.

எனவே குடியேற்றச் சோதனையில் சேகரிக்கப்படும் ஒவ்வொரு தரவுக்கும் காலவரையறை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். திட்டத்திலிருந்து விலகுவோரின் ரேகையும் படமும் அழிக்கப்பட்டதற்கு எழுத்துச் சான்று தர வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணமும் மேல்முறையீடும் வேண்டும். டிஜி யாத்ரா பவுண்டேஷன் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட வேண்டும். ரேகை தேய்ந்த தொழிலாளிக்கு மாற்றுச் சோதனை உறுதிசெய்யப்படுவதோடு, விசா மையத்துக்கு அவர் நடக்கும் நடைக்கான செலவை வேலைக்கு அமர்த்தும் நிறுவனமே ஏற்கும்படி குடிபெயர்வு ஒப்பந்தங்களில் சேர்க்கப்பட வேண்டும். வளைகுடா விமானங்கள் புறப்படும் நேரத்தில் கோழிக்கோட்டிலும் லக்னோவிலும் இமிக்ரேஷன் கவுன்ட்டர்கள் அனைத்திலும் அலுவலர் அமர்ந்திருக்க வேண்டும். அதற்கான பணியிடங்களை உருவாக்கி நிரப்பும் அதிகாரம் மின்வாயிலைத் திறந்துவைத்த அதே அமைச்சரிடம்தான் இருக்கிறது.